சாவி பேசுகிறது, கார் கேட்கவில்லை

2019 ஏப்ரல் மாதக் கடைசி. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லேண்ட் நகரத்தை ஒட்டியிருக்கும் நார்த் ஓம்ஸ்டெட்டில் சில தெருக்காரர்களுக்கு மட்டும் ஒரு விநோதத் தொல்லை. காரின் ரிமோட் சாவியை அமுக்குகிறார்கள், கதவு திறக்கவில்லை. வீட்டு கராஜின் கதவும் அதேபோல முரண்டு பிடிக்கிறது. ஒரு வீட்டில் நடந்தால் பேட்டரி போயிற்று என்று விட்டுவிடலாம். அடுத்தடுத்த வீடுகளில் எல்லாம் ஒரே சமயத்தில் பேட்டரி போகுமா? பக்கத்தில் நாசாவின் கிளென் ஆராய்ச்சி மையம் இருந்ததால் சிலருடைய சந்தேகம் அந்தப் பக்கம் திரும்பியது. மின் நிறுவனத்தார் கருவிகளோடு வந்து தேடினார்கள். சைகை பலமாக இருந்த இடத்தில் மின்சாரத்தை நிறுத்தியும் பார்த்தார்கள். தொல்லை நிற்கவில்லை.

அந்த மர்மம் அவிழ மே மாதம் ஆயிற்று. அதற்குள் அங்கே எத்தனை பேர் சாவியை உதறியும் தட்டியும் பார்த்திருப்பார்களோ. உலகமெங்கும் மனிதர்கள் செய்வது அதுதான். டிவி ரிமோட்டைத் தொடையில் தட்டிப் பழகிய கை, கார் சாவியையும் இன்னும் அழுத்தி அமுக்கும். ஆனால் சாவிக்கும் காருக்கும் நடுவே நடப்பது ஓர் உரையாடல். அது முறிவதற்கு நான்கு காரணங்கள் உண்டு. சொல்பவருக்குக் குரல் எழும்பாமல் போகலாம். சொன்ன சொல் கேட்பவர் எதிர்பார்த்த சொல்லாக இல்லாமல் போகலாம். நடுவில் இரைச்சல் இருக்கலாம். கேட்பவரின் காது அடைத்திருக்கலாம். இந்த நான்கில் எது என்று பிரித்துவிட்டால் செலவு பெரும்பாலும் ஒரு பட்டன் பேட்டரியோடு முடிந்துவிடும். பிரிக்காமல் சர்வீஸ் சென்டருக்குப் போனால் சில ஆயிரம் ரூபாயில் புதுச் சாவி வாங்கிக்கொண்டு திரும்ப நேரிடும். பழுது காரில் இருந்திருந்தால் அந்தப் புதுச் சாவியும் வேலை செய்யாது.

ஒரே கூட்டுக்குள் நான்கு சாவிகள்

பிரான்சின் ரெனோ நிறுவனம் தன் ஃபுயேகோ காருக்கு 1980களின் தொடக்கத்தில் ரிமோட் பூட்டைக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் பால் லிப்ஷுட்ஸ். அவர் பெயரின் சுருக்கமான ‘ப்ளிப்’ என்ற சொல்லால்தான் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் கார் ரிமோட்டைக் குறிப்பிடுகிறார்கள். ஆரம்பகால ரிமோட்டுகள் பலவும் டிவி ரிமோட்டைப் போல அகச்சிவப்பு ஒளியில் இயங்கின. காரை நோக்கிக் குறிபார்த்து அமுக்க வேண்டும். பிறகு ரேடியோ அலை வந்தது. பையிலிருந்தபடியே அமுக்கலாம் என்ற வசதியும் கூடவே வந்தது.

இன்றைய புஷ் ஸ்டார்ட் காரின் சாவியைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் நான்கு தனித்தனிச் சாவிகள் இருப்பது தெரியும். முதலாவது, பட்டனை அமுக்கினால் பேசும் ரிமோட். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இது பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸிலும், அமெரிக்காவில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸிலும் ஒலிபரப்புகிறது. இதற்குப் பேட்டரி வேண்டும். இரண்டாவது, யாரும் எதையும் அமுக்காமலே நடப்பது. கைப்பிடியைத் தொட்டதும் கார் தன் கதவிலுள்ள ஆன்டெனாவால் ‘பக்கத்தில் இருக்கிறாயா?’ என்று கேட்கிறது. இந்தக் கேள்வி ஏறக்குறைய 125 கிலோஹெர்ட்ஸில் வரும் காந்தப்புலம். காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைவதால் ஒன்றிரண்டு மீட்டருக்குமேல் அது எட்டாது. சாவி அதைக் கேட்டு விழித்துக்கொண்டு ரேடியோ அலையில் பதில் சொல்லும். இதற்கும் பேட்டரி வேண்டும்.

மூன்றாவது இம்மொபிலைசர் சில்லு. வண்டியைக் கிளப்ப அனுமதி தருவது இதுதான். ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களில் இது கட்டாயமாயிற்று. இதற்குப் பேட்டரியே வேண்டாம். காரிலுள்ள காந்தச் சுருளின் பக்கத்தில் வந்ததும், அந்தப் புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்லிவிடும். நான்காவது, பலர் இருப்பதே தெரியாமல் வைத்திருக்கும் இரும்புச் சாவி. ரிமோட்டின் ஓரத்திலுள்ள சிறு தாழை நகர்த்தினால் உருவிக்கொண்டு வரும்.

ஆகவே ‘சாவி வேலை செய்யவில்லை’ என்ற புகார் ஒரு மெக்கானிக்குக்குப் போதாது. பட்டன் பேசவில்லை, ஆனால் வண்டி கிளம்புகிறது என்றால் அது ஒரு கதை. பட்டன் வேலை செய்கிறது, ஆனால் ‘சாவி இல்லை’ என்று டாஷ்போர்டு சொல்கிறது என்றால் அது வேறு கதை. காந்தக் கேள்வி சாவிக்குக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. வீட்டு அலமாரியில் தூங்கும் இரண்டாவது சாவியை எடுத்து வந்து அமுக்கிப் பார்ப்பது. அது வேலை செய்தால் கார் நலம், முதல் சாவிதான் நோயாளி. இரண்டும் ஊமையாக இருந்தால் கண் கார் பக்கமோ சுற்றுப்புறத்தின் பக்கமோ திரும்ப வேண்டும். ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனை பழுதின் பாதிக் களத்தை ஒரே அடியில் ஒதுக்கிவிடுகிறது. இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: பல ஆண்டுகளாகத் தொடாத இரண்டாவது சாவியின் பேட்டரியும் செத்துப்போயிருக்கலாம்.

மூன்று வோல்ட் காட்டும் செத்த பேட்டரி

ரிமோட்டுகளில் அதிகம் காணப்படுவது சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரி. பெயரிலேயே அதன் உடல் அளவு எழுதியிருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்2025 என்றால் அதே விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்1620 என்றால் 16 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர். ‘சி’ என்பது லித்தியத்துக்கு எதிரே மாங்கனீசு டை ஆக்சைடு உள்ள வேதிக்கூட்டையும், ‘ஆர்’ என்பது வட்ட வடிவத்தையும் குறிக்கும். 2032 கிடைக்காமல் 2025ஐப் போட்டால் மின்னழுத்தம் ஒன்றுதான் என்றாலும் 0.7 மில்லிமீட்டர் இடைவெளியில் அது ஆடும். சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. மெக்கானிக்கின் தலையைச் சுற்றவைக்கும் பழுதுகளில் இப்படிப்பட்டவையும் சேர்த்தி.

பேட்டரி விஷயத்தில் மிகப் பெரிய ஏமாற்று மல்டிமீட்டரில் நடக்கிறது. சந்தேகப்பட்டவர் பேட்டரியைக் கழற்றி அளக்கிறார். 2.9 வோல்ட் காட்டுகிறது. ‘பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது’ என்று திரும்பவும் மாட்டிவிட்டுப் புதுச் சாவிக்கு விலை விசாரிக்கப் போகிறார். மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது கேட்ட கேள்வி தவறு. லித்திய பட்டன் பேட்டரி தீரத் தீர அதன் மின்னழுத்தம் பெரிதாகக் குறைவதில்லை. அதன் உள்மின்தடைதான் ஏறுகிறது. புதுப் பேட்டரியில் அது பத்திருபது ஓம். தீர்ந்துபோகும் தறுவாயில் நூறு ஓமையும் தாண்டும்.

ரிமோட் ஒலிபரப்பும் நொடியில் சுமார் 10 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்மின்தடை 15 ஓம் என்றால் உள்ளேயே விரயமாவது 0.15 வோல்ட், சாவிக்குத் தெரியாது. 100 ஓம் என்றால் விரயம் 1 வோல்ட். வெளியே வருவது 1.9 வோல்ட்தான். அந்த நொடியில் சாவியிலுள்ள சில்லு மயங்கி விழுந்துவிடும். கையை எடுத்ததும் மின்னழுத்தம் மறுபடி 2.9க்கு ஏறிவிடும். படுத்திருக்கும்போது ஆரோக்கியமாகத் தெரிந்து, மூட்டையைத் தூக்கச் சொன்னால் உட்கார்ந்துவிடும் ஆள் போல. மல்டிமீட்டர் அளப்பது படுத்திருக்கும் நிலையை மட்டும்தான்.

மூட்டையைத் தூக்கவைத்து அளப்பதும் எளிது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும் 100 ஓம் ரெசிஸ்டரைப் பேட்டரியின் இரு முனைகளுக்குக் குறுக்கே ஒரு நொடி வைத்து அளந்தால் போதும். நல்ல பேட்டரி இரண்டரை வோல்ட்டுக்கு மேலே நிற்கும். உள்மின்தடை 100 ஓம் ஆகிவிட்ட பேட்டரி பாதியாக, ஒன்றரை வோல்ட்டுக்குச் சரியும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னும் எளிய வழி, புதுப் பேட்டரியைப் போட்டுப் பார்ப்பது. சாவியிலுள்ள சிறு விளக்கு எரிகிறதே என்று நம்புவதும் தவறு. விளக்கு எரியப் போதுமான மின்சாரம் ஒலிபரப்பப் போதாமல் இருக்கலாம்.

குளிர் இந்த மின்தடையை மேலும் ஏற்றும். வேதிவினை மந்தமாவதே காரணம். அதனால்தான் சென்னையில் ஒழுங்காகத் திறந்த கார் ஊட்டியின் உறைபனிக் காலையில் திறக்க மறுத்து, வெயில் ஏறியதும் சொன்னபடி கேட்கலாம். சாவியை ஐந்து நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தால் அது பிழைத்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

புதுப் பேட்டரி போட்டும் பேசாத சாவி உண்டு. பேட்டரியைத் தலைகீழாகப் போடுவது பழைய காரணம். புதிய காரணம் கசப்பு. குழந்தைகள் வாயில் போட்டால் உடனே துப்பிவிடட்டும் என்று சில நிறுவனங்கள் பட்டன் பேட்டரிமீது கடுங்கசப்பான வேதிப்பூச்சு ஒன்றைத் தடவுகின்றன. அந்தப் பூச்சு விழுந்த இடத்தில் சாவியின் உலோகக் கொக்கி பட்டால் மின்தொடர்பு கிடைக்காமல் போகலாம். ஆப்பிள் நிறுவனமே தன் ஏர்டேக் கருவிக்குப் பேட்டரி வாங்குபவர்களிடம் இதைச் சொல்லி எச்சரிக்கிறது. அதற்காகக் கசப்பைக் குறை சொல்லிவிட முடியாது. 20 மில்லிமீட்டர் பேட்டரி ஒரு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால், அங்குள்ள ஈரத்தின் வழியே மின்சாரம் ஓடி, உண்டாகும் காரம் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவைப் புண்ணாக்கிவிடும். கழற்றிய பழைய பேட்டரிக்கும் இதே ஆபத்து உண்டு, அதில் இன்னும் 2.9 வோல்ட் இருக்கிறது. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைதான்.

பேட்டரிக்கு அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது கைவேலை. ஆயிரக்கணக்கான முறை அமுங்கிய பட்டனின் உட்தகடு தேய்கிறது. ‘திற’ மட்டும் வேலை செய்யவில்லை, ‘பூட்டு’ செய்கிறது என்றால் பழுது அந்த ஒரு ஸ்விட்சில். செல்போன் பழுதுபார்ப்பவர் சில நிமிடங்களில் மாற்றிக் கொடுத்துவிடுவார். கீழே விழுந்த பிறகு பேச்சு நின்ற சாவியில் பேட்டரிக் கொக்கியின் பற்றவைப்பு விட்டிருக்கலாம். அலைவரிசையைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய குவார்ட்ஸ் துண்டு விரிசல் கண்டிருந்தால், சாவி பேசும். ஆனால் கார் கேட்கும் அலைவரிசையில் பேசாது. துணியோடு வாஷிங் மெஷினுக்குள் போய்வந்த சாவிக்கு முதல் உதவி, பேட்டரியை உடனே கழற்றுவது. ஈரமும் மின்சாரமும் சேர்ந்திருக்கும்போதுதான் செம்புக் கோடுகள் பச்சை பூக்கும். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைக்க வேண்டும். அரிசிப் பானைக்குள் போடுவதால் அரிசித் தூசிதான் உள்ளே சேரும்.

பதினாறு தப்படிகள்

குரல் சரி. சொல்?

பழைய ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைத்தான் ஒலிபரப்பின. அதை ஒருமுறை பதிவுசெய்து திரும்ப ஒலிபரப்பினால் போதும், திருடனுக்கும் கதவு திறக்கும். இதற்கு மருந்தாக வந்தது ரோலிங் கோட் எனப்படும் மாறும் குறியீடு. இவ்வகையில் பெயர்பெற்ற கீலாக் முறை தென்னாப்பிரிக்காவின் நானோடெக் நிறுவனத்தில் 1980களில் பிறந்தது. 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் அதை வாங்கிக்கொண்டது. சாவியும் காரும் ஒரே ரகசியச் சூத்திரத்தை வைத்திருக்கின்றன. கூடவே ஒரு எண்ணியும் உண்டு. ஒவ்வொரு அமுக்கலுக்கும் எண்ணி ஒன்று கூடும். கூடிய எண்ணைச் சூத்திரத்தில் போட்டுக் குழப்பி அனுப்பும். கார் அதைப் பிரித்துப் பார்த்து, ‘கடைசியாகக் கேட்டது 500, இப்போது 501, சரி’ என்று கதவைத் திறக்கும். பழைய 500ஐ யார் பதிவுசெய்து அனுப்பினாலும் திறக்காது.

ஆனால் வீட்டுக் குழந்தை சாவியைக் கையில் வைத்து விளையாடினால்? அமுக்கிய ஒவ்வொரு முறையும் சாவி எண்ணிக்கொண்டே போகும். தூரத்தில் நிற்கும் காருக்கோ எதுவும் கேட்காது. இதை எதிர்பார்த்தே கீலாக் வடிவமைப்பில் ஒரு சலுகை வைத்தார்கள். தான் கடைசியாகக் கேட்ட எண்ணிலிருந்து 16 அடிகள் வரை முன்னே இருந்தால் கார் எதுவும் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். அதற்கும் மேலே, 32,768 வரை போயிருந்தால் முதல் அமுக்கலில் திறக்காது. ஆனால் அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும். உடனே அடுத்த அமுக்கலும் அதற்கு அடுத்த எண்ணோடு வந்தால், ‘இது நம் சாவிதான், எங்கேயோ விளையாடிவிட்டு வந்திருக்கிறது’ என்று புரிந்துகொண்டு திறந்துவிடும். எண்ணியே மொத்தம் 65,536 வரைதான் எண்ணும். மீதிப் பாதி, அதாவது பழைய எண்கள், மூடிய கதவு.

‘ஒரு தடவை அமுக்கினால் திறக்கவில்லை, இரண்டாவது தடவை திறந்தது’ என்ற அனுபவத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கக்கூடும். எல்லாக் கார் நிறுவனங்களும் கீலாக்கைப் பயன்படுத்துவதில்லை. அடிகளின் எண்ணிக்கையும் மாறும். ஆனால் தத்துவம் ஏறக்குறைய ஒன்றே. ஒத்திசைவு முழுதாகவே தவறிவிட்டால், இரும்புச் சாவியால் திறந்து, இக்னிஷனைப் போட்டு, குறிப்பிட்ட வரிசையில் பட்டனை அமுக்கும் சடங்கு பல மாடல்களில் உண்டு. அந்த வரிசை காரோடு வந்த கையேட்டில் இருக்கும். பேட்டரி மாற்றினால் கோட் அழிந்துவிடும் என்று பயமுறுத்திப் பணம் கேட்பவர்களை நம்பத் தேவையில்லை. எண்ணியும் ரகசிய எண்ணும் மின்சாரம் இல்லாமலும் அழியாத நினைவகத்தில் இருப்பதால், பெரும்பாலான சாவிகளுக்குப் பேட்டரி மாற்றியபின் எந்தச் சடங்கும் வேண்டாம்.

இரண்டாவது அமுக்கலுக்குத் திறப்பதில் ஒரு இருண்ட பக்கமும் இருக்கிறது. 2015இல் லாஸ் வேகஸின் டெஃப்கான் மாநாட்டில் சாமி கம்கார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், சுமார் 32 டாலர் செலவில் செய்த கருவியைக் காட்டினார். முதல் அமுக்கலை இரைச்சலால் மறைத்து, அந்தக் குறியீட்டைத் தான் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டாவது அமுக்கலையும் மறைத்துப் பிடித்து, முதலில் பிடித்ததைக் காருக்கு அனுப்பிக் கதவைத் திறக்கவைக்கும். உரிமையாளர் ஒன்றும் தெரியாமல் போய்விடுவார். கார் இன்னும் கேட்காத இரண்டாவது கோட் கருவியில் தங்கிவிடும்.

தூங்கும் சாவி, தூங்கும் கார்

சில சாவிகள் கெட்டுப்போவதில்லை, தூங்குகின்றன. சூரிச்சிலுள்ள ஈடிஎச் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2011இல் 8 நிறுவனங்களின் 10 மாடல்களைச் சோதித்து, காரின் காந்தக் கேள்வியை நீட்டித்து வீட்டுக்குள்ளிருக்கும் சாவிவரை கடத்தி, காரைத் திறந்து கிளப்ப முடியும் என்று காட்டினார்கள். திருடர்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள். பதிலாக ஃபோர்டு 2019இல் பிரிட்டனில் விற்ற ஃபியஸ்டா, ஃபோக்கஸ் கார்களின் சாவிக்குள் அசைவை உணரும் சில்லை வைத்தது. 40 விநாடி அசையாமல் கிடந்தால் சாவி தூங்கிவிடும். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது. எடுத்து நடந்தால் விழித்துக்கொள்ளும். டொயோட்டாவின் பல சாவிகளில் தூக்கத்தைக் கையாலேயே வரவழைக்கலாம். பூட்டும் பட்டனை அமுக்கியபடியே திறக்கும் பட்டனை இருமுறை அமுக்கினால் விளக்கு நான்கு முறை மின்னும். பேட்டரி சேமிப்பு நிலைக்குச் சாவி போய்விடும். குழந்தை கை தற்செயலாக அதைச் செய்துவிட்டால், கைப்பிடியைத் தொட்டால் திறக்கும் வசதி காணாமல் போனதாகத் தோன்றும். ஏதாவது ஒரு பட்டனை அமுக்கினால் சாவி எழுந்துவிடும்.

காரும் தூங்கும். இரண்டு வாரம் ஓட்டாமல் நின்ற டொயோட்டாக்கள் பலவற்றில், ஓட்டுநர் பக்கக் கதவைத் தவிர மற்ற கதவுகள் கைப்பிடியைத் தொட்டால் திறக்காது. மின்சாரத்தை மிச்சப்படுத்தக் காரே காதுகளை மூடிக்கொள்ளும் ஏற்பாடு அது. சாவியைக் காருக்கு இரண்டு மீட்டருக்குள் ஆணியில் மாட்டிவைக்கும் வீடுகளிலும் இது நடக்கும். இரண்டும் இரவெல்லாம் பேசிக்கொண்டே இருந்தால் சாவியின் பேட்டரியும் காரின் பேட்டரியும் சேர்ந்தே தேயும் அல்லவா? டிவி, கம்ப்யூட்டர், செல்போன் சார்ஜர், இண்டக்ஷன் அடுப்பு போன்றவற்றிலிருந்து ஒரு மீட்டராவது சாவியைத் தள்ளி வைக்கும்படி டொயோட்டாவின் கையேடு சொல்கிறது. அவை கசியவிடும் காந்தப்புலத்தைக் காரின் கேள்வியோ என்று சாவி காதுகொடுத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டு சாவிகளும் பேசவில்லை, உள்விளக்கும் மங்கல் என்றால் காரின் 12 வோல்ட் பேட்டரியைப் பார்க்க வேண்டும். ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டியது 12க்குக் கீழே போயிருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். பேட்டரி நலமாக இருந்து, ரிமோட்டும் உள்ளேயுள்ள சென்ட்ரல் லாக் பட்டனும் சேர்ந்தே செயலிழந்திருந்தால் ஃபியூஸ். பட்டனை அமுக்கும்போது இண்டிகேட்டர் மின்னுகிறது, ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை என்றால் சாவிமீது எந்தப் பழியும் இல்லை. அந்தக் கதவின் லாக் மோட்டார் போயிருக்கிறது.

நடுத்தெருவில் நிற்கும்போது

பூட்டிய காருக்கு வெளியே, செத்த ரிமோட்டோடு நிற்பவருக்குச் செய்ய இருப்பது இரண்டே வேலை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறப்பது முதல் வேலை. சில மாடல்களில் சாவித்துளையே கண்ணுக்குத் தெரியாது. கைப்பிடியின் ஓரத்திலுள்ள சிறு மூடியைக் கவனமாக நெம்பினால் பின்னால் இருக்கும். திறந்ததும் அலாரம் அலறலாம்; பதற வேண்டாம். அடுத்து, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன்மீது ஒட்டவைத்து பிரேக்கை மிதித்து அமுக்குவது. பேட்டரி தேவைப்படாத இம்மொபிலைசர் சில்லு அந்த நெருக்கத்தில் விழித்துக்கொள்ளும், வண்டி கிளம்பும். சில கார்களில் அதற்கான இடம் கப் ஹோல்டரிலோ, நடுப்பெட்டியின் அடியிலோ இருக்கும்.

தூரம்தான் பிரச்சினை என்றால் ஒரு வேடிக்கையான வித்தையும் உண்டு. சாவியை முகவாய்க்கட்டைக்கு அடியில் வைத்து அமுக்குவது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ரோஜர் பௌலி இதைக் காணொளியிலேயே செய்துகாட்டினார். தலைக்குப் பதில் பெரிய தண்ணீர்ப் புட்டியை வைத்தும் காட்டினார். தலையில் நிறைய இருப்பது தண்ணீர். ரேடியோ அலையின் மின்புலத்தில் தண்ணீரிலுள்ள மின்னேற்றங்கள் முன்னும் பின்னும் ஆடி, தாமும் அதே அலையை வெளிவிடுகின்றன. சாவிக்குள் இருக்கும் ஆன்டெனாவோ விரல்நகம் அளவு, 433.92 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 69 செண்டிமீட்டர். அந்தக் குட்டி ஆன்டெனாவுக்குத் தலை ஒரு பெரிய துணை ஆன்டெனா ஆகிறது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் இன்னொரு வித்தை மட்டும் பலிக்காது. வீட்டிலிருப்பவர் மாற்றுச் சாவியைப் போனில் பிடித்து அமுக்க, கார் அருகே நிற்பவர் தன் போனைக் கதவருகே காட்டினால் திறந்துவிடும் என்பார்கள். போன் கடத்துவது ஒலியை. சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைதான். சாவி பேசுவதோ நாற்பத்து மூன்று கோடி ஹெர்ட்ஸ் ரேடியோ அலையில். பட்டனின் ‘டிக்’ சத்தம் மட்டும் போய்ச் சேரும்.

புதுச் சாவி வாங்கியே ஆக வேண்டும் என்றால் அலைவரிசையைப் பார்த்து வாங்க வேண்டும். இலங்கையில் ஓடும் ஜப்பானிய ரீகண்டிஷன் கார்கள் ஜப்பானியச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் சாவிகள் 315 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைகளில் பேசுபவை. உருவத்தில் அச்சாக அதே போலிருக்கும் 433 மெகாஹெர்ட்ஸ் சாவியை வாங்கிவந்து எத்தனை முறை பதிவுசெய்தாலும் கதவு திறக்காது. புதுச் சாவி எப்போதும் எளிதில் கிடைத்துவிடுவதும் இல்லை. சில்லுத் தட்டுப்பாடு நீடித்த 2022 அக்டோபரில், ஜப்பானில் புதுக் கார் வாங்குபவர்களுக்கு ஒரு ஸ்மார்ட் சாவிதான் இப்போதைக்கு, இரண்டாவதற்குப் பதில் இரும்புச் சாவி என்று டொயோட்டாவே அறிவிக்க வேண்டிவந்தது.

இரைச்சல்

மிச்சமிருக்கும் சந்தேகம் நடுவிலுள்ள இரைச்சல். அதற்கு அடையாளம் இடம். எங்கே போனாலும் சாவி தடுமாறினால் பேட்டரி. ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் தடுமாறினால் இரைச்சல். 433 மெகாஹெர்ட்ஸ் கார்களுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்து இல்லை. வயர்லெஸ் அழைப்புமணி, வானிலைக் கருவி, டயர் காற்றழுத்த உணரி எல்லாம் அதே சந்தில் பேசுகின்றன. ஒவ்வொன்றும் கண நேரம் பேசிவிட்டு நிறுத்தும் என்ற நம்பிக்கையில்தான் எல்லாருக்கும் இடம் கிடைக்கிறது. ஒன்று மட்டும் வாயை மூடாமல் பேசத் தொடங்கினால் மற்ற அனைத்தும் ஊமை. காருக்குள் சிகரெட் லைட்டர் துளையில் செருகிய மலிவான சார்ஜர்கூட அந்த வேலையைச் செய்யலாம். அதைப் பிடுங்கிவிட்டுச் சோதித்துப் பார்ப்பது நல்லது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் கார்ஸ்டேர்ஸ் என்ற ஊரில், 2019 தொடக்கத்தில், ஒரு கூட்டுறவு மளிகைக் கடையின் வாகன நிறுத்துமிடத்தில் மட்டும் கார்கள் திறக்க மறுத்தன. அரசுத் துறையினர் வந்து தேடியபோது, ஒரு வாடிக்கையாளரின் ரிமோட் ஸ்டார்ட்டர் சிக்கிக்கொண்டு ஓயாமல் ஒலிபரப்பியதுதான் காரணம் என்று தெரிந்தது.

வேண்டுமென்றே எழுப்பும் இரைச்சலும் உண்டு. தென்னாப்பிரிக்க வணிக வளாகங்களில் திருடர்கள் தொலைவிலிருந்து ஒரு ரிமோட்டை அமுக்கிப் பிடித்தபடி நிற்பார்கள். உரிமையாளர் பூட்டிவிட்டதாக நினைத்து நடப்பார். கார் பூட்டாமலே நிற்கும். கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகும் பழக்கம் அங்கே அப்படித்தான் வந்தது.

நார்த் ஓம்ஸ்டெட்டில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நகர்மன்ற உறுப்பினர் கிறிஸ் கிளாஸ்பர்னும் உதவிக்கு வந்தவர்களும் அலைமானியோடு வீடு வீடாகப் போனார்கள். 315 மெகாஹெர்ட்ஸ் சைகை ஒரு வீட்டிலிருந்து பலமாக வந்தது. உள்ளே எலக்ட்ரானிக்ஸில் ஆர்வமுள்ள ஒருவர், அடித்தள அறையில் வேலை செய்யும்போது மேலே யாராவது வந்தால் தெரிந்துகொள்வதற்காகச் சொந்தமாக ஒரு கருவி செய்துவைத்திருந்தார். அது இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. தன் கருவி தெருவையே பூட்டிவைத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் பெயரை நகராட்சி வெளியிடவில்லை. மின் நிறுவனம் மின்சாரத்தை நிறுத்தியும் சைகை ஏன் நிற்கவில்லை என்பதற்கும் அங்கே விடை கிடைத்தது. அந்தக் கருவி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.